பதினாலு கல்வட்டமும் என் ஒரு வாயும்

கைடு வேலை என்றால் இருப்பதைக் காட்டுகிற வேலை என்று நினைத்துத்தான் லைசென்ஸ் வாங்கினேன். இருபத்திரண்டு வருஷத்தில் பாதி நாள் இல்லாததைத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை வெயிலில் இழுத்துக்கொண்டு போய் எதையோ காட்டி, "இதுக்கா இவ்ளோ தூரம்?" என்று பேச்சு வாங்கிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதை வாரத்துக்கு நாலு தரம் கேட்கிறவள் நான். பெயர் எஸ்தர். மாமல்லபுரத்தில் கைடு. ஐந்து ரதமும் கடற்கரைக் கோயிலும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அவற்றுக்கு வேலி இருக்கிறது, காவல் இருக்கிறது, என் தயவு தேவையில்லை. அந்த வேலிக்கு வெளியே நடந்ததைச் சொல்கிறேன்.

கல் பொறுக்குகிறவர்

வேலைக்கு வந்து மூன்றாவது வருஷம். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வல்லம் குடைவரைக்கு ஒரு வங்கி ஊழியர் கூட்டத்தை அழைத்துப் போயிருந்தேன். குன்றின் அடியில் சரளை மண்ணில் எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பல்லவர் பெருமை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் தரையைப் பார்த்துக்கொண்டே சுற்றுகிறார். ஒரு கல்லை எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், போட்டுவிடுவார். கிட்டத்தட்ட என் வயதுதான். பேசிப் பிழைக்கிறவளுக்கு இதைவிட எரிச்சல் வேறு இல்லை. "சார், கல்லு பொறுக்கத்தான் வந்தீங்களா? ஸ்கூல் பசங்களே ஒழுங்கா நிக்கிறாங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மற்றவர்கள் வேனில் ஏறிய பிறகு அவர் வந்து என் கையில் ஒரு கல்லை வைத்தார். உள்ளங்கை அகலம். ஒரு முனை கூர், மறுமுனை உருண்டை. என் விரல்கள் தானாக மடங்கி அதைப் பிடித்துக்கொண்டன. இது கைக்கோடரி, மனுஷன் செதுக்கியது, இரும்பும் பானையும் இல்லாத காலத்தில், லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னால், என்றார். மதுராந்தகத்தில் வங்கிக் கிளார்க். பெயர் சுரேந்தர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இப்படிக் குனிந்து நடப்பதுதான் அவர் பொழுதுபோக்கு. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். "இது எங்க கிடந்துது?" என்றுதான் வந்தது. அவர் என் செருப்பைக் காட்டினார்.

"நீங்க இவ்ளோ நேரம் இது மேலதான் மேடம் நின்னு பேசினு இருந்தீங்க."

லொகேஷன்

சுரேந்தர் சொல்லித்தான் எனக்கு வசவசமுத்திரம் தெரியும். கல்பாக்கம் தாண்டி, பாலாறு கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்ன ஊர். ரொம்ப வருஷத்துக்கு முன்பு அங்கே அகழாய்வு செய்தபோது ரோம் நாட்டு மது ஜாடித் துண்டுகளும் உறைகிணறும் கிடைத்தன. இது காதில் விழுந்த நாளிலிருந்து நான் சும்மா இருக்கவில்லை. "ரோமாபுரிக் கப்பல் நின்ன ஊர் ஒண்ணு இருக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துவிட்டேன். கேளம்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கியிருந்த ஒரு ஐ.டி. தம்பதி, ரதங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அங்கே கூட்டிப்போகச் சொன்னார்கள். என் வழக்கமான டிரைவர் கன்னியப்பனின் வண்டியில் போனோம்.

போய் இறங்கினால் சவுக்குத் தோப்பு, நாலு வீடு, ஒரு கைப்பம்பு, வரப்பில் ஆடு. தோண்டின குழியை மூடி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "இங்கதான்" என்று கையை நீட்டினேன். கணவர் தோப்பைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார். மனைவி காலில் நெருஞ்சி முள் தைத்திருந்தது. எனக்குப் பதற்றம். வெறுங்காற்றில் கப்பல் ஓட்ட ஆரம்பித்தேன். பாய்மரம், யவனர், முத்து, மிளகு என்று வாயில் வந்ததையெல்லாம் ஏற்றினேன். அந்தத் துறையில் மிளகு ஏற்றினார்களா என்று எனக்குத் தெரியாது. மழையில் அரித்த வரப்போரம் கிடந்த ஒரு பானை ஓட்டை எடுத்து, இது ஜாடித் துண்டாகவே இருக்கலாம் என்று காட்டினேன். இத்தனை கதைக்கு நடுவில் அது ஒன்றுதான் நிஜம். அவர்கள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கணவர் பொறுமைசாலி. மனைவி காலிலிருந்து முள்ளை எடுத்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"மேடம், நீங்க லொகேஷன் மாத்தி வந்துட்டீங்கன்னு நினைக்கிறேன்."

கறுப்பு மணல்

அந்த ஓட்டை நான் எடுத்து வந்திருக்கக் கூடாது. கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பிற்பாடு சுரேந்தர் திட்டி, அதை வாங்கிப்போய் ஒப்படைக்க வேண்டிய இடத்தில் ஒப்படைத்தார். அதற்கு முன்னால் ஒரே ஒருத்தரிடம் அதைக் காட்டினேன். இத்தாலியிலிருந்து தனியாக வந்திருந்த பெண்மணி, அறுபது வயதிருக்கும், கிளாரா என்று பெயர். நேப்பிள்ஸ் பக்கம் ஏதோ ஊரில் கூரை ஓடு விற்கும் கடை வைத்திருந்தவர். ரதங்களை மரியாதைக்குப் பார்த்தார். நான் பேசுவதை மரியாதைக்குக் கேட்டார். மதியம் இளநீர்க் கடையில் உட்கார்ந்தபோது, எப்படியாவது அவரை அசத்த வேண்டும் என்று அந்த ஓட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உடைந்த விளிம்பைப் பார்த்தார். விரலால் தடவினார். களிமண்ணுக்குள் கறுப்புக் கறுப்பாகப் பொடி மினுங்கியது. எங்கள் எரிமலை மணல் இது, எங்கள் கடற்கரையே இந்த நிறம்தான், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய ஜாடிகளில் இது இருக்கும் என்றார். எனக்கு வைத்துக்கொள்ளக் கொடு என்று கேட்பாரோ என்று பயந்தேன். அவர் கேட்டது வேறு. இதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவன் ஊருக்குத் திரும்பிப் போனானா?

ஒவ்வொரு ராஜாவுக்கும் என்னிடம் ஒரு கதை உண்டு. ஒவ்வொரு சிற்பத்துக்கும் ஒரு காதல் வைத்திருக்கிறேன். இதற்கு ஒன்றும் வரவில்லை. "தெரியாது" என்றேன். அவர் ஓட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் இப்படித்தான் சொல்ல வேண்டும்.

"காலையிலிருந்து நீங்கள் தெரியாது என்று சொன்னது இது ஒன்றுக்குத்தான். அதனால் இதை நம்புகிறேன்."

பிளாஸ்டிக் நாற்காலி

இனிமேல் சொல்லப்போவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. செய்யூர் பக்கம் ஒரு ஊர், பெயர் வேண்டாம். அங்கே ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் பதினாலு கல்வட்டம் இருப்பதாக சுரேந்தர் போனில் சொன்னார். பெரிய பெரிய பாறைகளை வட்டமாக வைத்து நடுவில் செத்தவர்களைப் புதைத்த இடம். ரெண்டாயிரம் மூவாயிரம் வருஷப் பழசு. ஊரில் பாண்டவர் குழி என்பார்கள். "தொல்லியல் துறைக்கு எழுதிப் போட்டிருக்கேன் மேடம். அளக்கறதுக்கு ஆளுங்க வர்ற வரைக்கும் அங்க யாரையும் கூட்டினு போவாதீங்க" என்றார். சரி என்றேன். நாலு மாசம் சொன்ன சொல் காப்பாற்றினேன். ஐந்தாவது மாசம் ஒரு பிரெஞ்சுக் கூட்டம் வந்து, எல்லாரும் பார்க்காத இடமாக ஏதாவது காட்டு என்று கேட்டது.

கொல்லைக்குச் சொந்தக்காரர் தணிகாசலம். என் அம்மா கடலை பிடுங்கக் கூலிக்குப் போன நிலங்களில் அதுவும் ஒன்று. எங்கள் ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அவருக்கு என்னைத் தெரியாது. வெள்ளைக்காரர்களோடு காரில் வந்து இறங்கிய அம்மா, அவ்வளவுதான். வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வரவழைத்து எனக்குப் போட்டார். உட்கார்ந்தேன். என் அம்மா குனிந்து வேலை செய்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவர் நின்றுகொண்டு, "இதுக்குள்ள இன்னாம்மா கீது?" என்று கேட்கிறார். அப்புறம் என் வாய்க்கு ஏது தாழ்ப்பாள். தாழி, கால் வைத்த சுடுமண் பெட்டி, இரும்புக் கத்தி, பாசிமணி என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் இன்னும் கொஞ்சம் மெச்சட்டும் என்று, "இது வெளிய தெரிஞ்சா கவர்மெண்ட்டே வந்து வேலி போட்டுப் பாதுகாக்கும்" என்றும் சொன்னேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கூட்டம் போட்டோ எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் பார்த்திருக்கிறான். திரும்பும் வழியில் பாலாற்றுப் பாலத்தின் மேல் சொன்னான்.

"வேலின்னு சொன்ன பாரு யக்கா, அப்பலேர்ந்து அந்தாளு நீ எப்ப நாக்காலிய வுட்டு எழுந்துப்பன்னு பாத்துகினு இருந்தாரு."

நீர்மோர்

ஒரே ஒரு தடவைதான் போனேன் என்று சொல்ல ஆசைதான். அதற்குப் பிறகும் மூன்று கூட்டத்தை அழைத்துப் போனேன். ஐந்தாவதாக, பெங்களூரிலிருந்து வந்த கணவன் மனைவியோடு போய் இறங்கியபோது வழி தப்பிவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஒற்றைப் பனைமரம் இருந்த இடத்தில்தான் இருந்தது. கொல்லை கல் ஒன்றும் இல்லாமல், விரித்த கைக்குட்டை மாதிரி தட்டையாகக் கிடந்தது. ஓரத்தில் பாறைகள் குவியலாக. சிலதை உடைத்து மஞ்சள் பெயின்ட் அடித்து, நம்பர் எழுதி, மனைக்கு எல்லைக் கல்லாக நட்டிருந்தார்கள். வந்தவர்கள் என்ன பார்க்க வேண்டும் என்று காத்திருந்தார்கள்.

தணிகாசலம் வந்தார். கோபம் இல்லை. வெயிலாக இருக்கிறதே என்று எல்லோருக்கும் நீர்மோர் கொடுத்தார். நான் டம்ளரை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். ரெண்டு பெண்களும் கல்யாண வயசில் இருக்கிறார்கள், விற்பதற்கு இந்தத் துண்டு ஒன்றுதான் உண்டு, இதில் வேலி போட்டுவிட்டால் நான் எந்த வாசலில் போய் நிற்பேன் என்று கேட்டார். "எனக்கு முன்னயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னேன். அவர் என் டம்ளரைப் பார்த்தபடி சொன்னார்.

"இத்தினி வருஷமா அது வெறும் கல்லுதான்ம்மா, நீ வந்து சொன்ன பொறவுதான் பேஜாரா ஆச்சு."

சூடம்

கொல்லையைத் தள்ளிய ஜே.சி.பி. ஆபரேட்டர் கன்னியப்பனுக்குத் தெரிந்தவர். பெயர் பிரபு. செய்யூரில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். சண்டை போடுவதற்குத்தான் போனேன். அவர் மடியில் துண்டில் சுற்றிய ஒரு மூட்டை. பிரித்தார். உள்ளே முழங்கை நீளத்தில் சுடுமண் கால் ஒன்று. மண்ணுக்குள்ளிருந்து தொட்டி மாதிரி ஒன்று வந்ததாம், அடியில் இப்படி வரிசையாகக் கால்களாம். பக்கெட் பட்டதும் தொட்டி நொறுங்கி, இது மட்டும் முழுசாகத் தங்கியதாம். வீட்டில் வைக்க மனைவி விடவில்லை. போடவும் மனசு வரவில்லை. வண்டி சீட்டுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார்.

எலும்பு இருந்ததா என்று கேட்டேன். பொடியாக இருந்தது என்றார், கை வைத்ததும் உதிர்ந்துவிட்டது என்றார். நிறுத்திவிட்டுப் போயிருக்கலாமே என்றேன். நான் போனால் அரை மணியில் இன்னொரு வண்டி வரும், அவன் இறங்கிக்கூடப் பார்க்க மாட்டான் என்றார். டீ ஆறிப்போனது. சண்டை போட எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றிவிட்டது. அந்தக் காலை என்னிடம் கொடுக்கும்போது ரெண்டு கையாலும் கொடுத்தார்.

"யாரு பெத்த புள்ளைங்களோ மன்னிச்சிக்கங்கன்னு சூடம் கொளுத்திட்டுத்தான் யக்கா பக்கெட்ட எறக்கினேன்."

தலைக்குப் பின்னால்

சுரேந்தருக்குச் சொல்ல எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. போனை எடுப்பேன், வைத்துவிடுவேன். பன்னிரண்டாவது நாள் அவரே மாமல்லபுரத்துக்கு வந்து, கடற்கரைக் கோயில் டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் நின்றார். நேராக அந்த ஊருக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், நாற்காலி உட்பட. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நான் படம் வரையறதுக்கு அடுத்த மாசம் லீவு போட்டிருந்தேன். உங்க ஆளுங்க எடுத்த போட்டோ ஏதாவது கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

அங்கே வந்துபோன நாலு கூட்டத்துக்கும் வாட்ஸாப்பில் எழுதினேன். நடந்ததை மறைக்காமல் எழுதினேன். நல்ல மனுஷர்கள், பிரான்ஸிலிருந்தெல்லாம் அனுப்பினார்கள். நூற்றுச் சொச்சம் படம். எல்லாவற்றிலும் ஆட்கள். பாறைமேல் உட்கார்ந்து சிரிக்கிறார்கள், பாறையைக் கட்டிப்பிடிக்கிறார்கள், பாறைமேல் ஏறிக் கை விரிக்கிறார்கள். கல்லுக்காக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. சுரேந்தர் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கிராஃப் தாளை விரித்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார். பனைமரம் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்று பார்த்து, தோளுக்கு மேலும் தலைக்குப் பின்னாலும் தெரிந்த கற்களை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தார். நான் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு, எந்தப் படம் எங்கிருந்து எடுத்தது என்று ஞாபகப்படுத்திச் சொன்னேன். அந்த வேலையிலாவது என் வாய் உதவட்டும் என்றிருந்தது. பதினாலில் ஒன்பது வட்டம் தேறியது. மீதி ஐந்து ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவருக்குச் சொல்ல விருப்பமில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். படங்களை என் பக்கம் திருப்பினார்.

"அந்த அஞ்சுக்கும் முன்னாடி நீங்கதான் மேடம் நின்னு பேசினு இருக்கீங்க."

யாரு ஆளுங்க?

இப்போது எனக்கு வேலையில்லாத நாட்களில் சுரேந்தரோடு நானும் போகிறேன். கன்னியப்பன் டீசல் மட்டும் போடச் சொல்லி வண்டி ஓட்டுகிறான். போன தை மாசம் மதுராந்தகத்துக்குத் தெற்கே ஒரு மேட்டு நிலத்தில் மூன்று வட்டம் பார்த்தோம். நிலம் ஏழுமலை என்பவருடையது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், ஒரு ஏக்கருக்கும் குறைவு, நடுவில் நாலு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. சுரேந்தர் அந்தக் கோடியில் டேப்பை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஏழுமலை என்னிடம் வந்தார். அதே கேள்வி. "இதுக்குள்ள இன்னா கீது?"

நான் பட்டது போதும் என்று, "ஒண்ணுமில்லீங்க, வெறும் கல்லுதான்" என்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு இடத்தைக் குறைத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகம் தெளிந்தது. "வெறும் கல்லா? அப்ப தள்ளிட்டு வேர்க்கடலை போட்டுக்கறேன். மாடு கட்டி ஏர் ஓட்டக்கூட வழியில்லாம கீது" என்றார். சொன்னாலும் போகிறது, சொல்லாவிட்டாலும் போகிறது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை கத்தி மணி எதுவும் சொல்லவில்லை, வேலியும் சொல்லவில்லை. செத்தவர்களை அவர்கள் பிள்ளைகள் இவ்வளவு பெரிய கல்லைத் தள்ளிக்கொண்டு வந்து வைத்து மூடியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். செய்யூர்ப் பக்கம் என்னால் என்ன ஆனது என்பதையும் சொன்னேன்.

அவரும் குந்திக்கொண்டு கேட்டார். நான் முடித்ததும், "யாரு ஆளுங்க?" என்றார். என்ன கேட்கிறார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னால் எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குப் புரியவில்லை. "தெரியாதுங்க" என்றேன். அவர் ஒரு குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டே யோசித்தார். பிறகு எழுந்து, ஒரு ஆட்டைப் பிடித்து இழுத்து, பக்கத்துப் பாறையில் கயிற்றைச் சுற்றிக் கட்டினார்.

"தெரியலன்னா நம்ம ஆளுங்கன்னே வச்சிக்கலாம், இருந்துட்டுப் போவட்டும்."

நாலு பேருக்குத் தெரியட்டும் என்று பேசுகிற தொழில் இது; அந்த நாலு பேரில் எவர் ஆட்டைக் கட்டுவார், எவர் ஜே.சி.பி.யைக் கூப்பிடுவார் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளும் வழிதான் இந்த வழிகாட்டிக்கு இன்னும் பிடிபடவில்லை.